சிறை வைத்தவரின் கோப்பில் எஞ்சிய எதிர்ப்பு

ஏப்ரல் 13 என்றதும் இந்திய வரலாறு பயில்வோருக்கு 1919ஆம் ஆண்டின் ஜாலியன்வாலா பாக் நினைவுக்கு வரும். போலந்து மக்களுக்கும் அது துக்க நாளே. 1943ஆம் ஆண்டு அந்நாளில்தான், ஸ்மோலென்ஸ்க் நகரை அடுத்த கத்தீன் வனப்பகுதியில் போலந்துப் படை அதிகாரிகளின் புதைகுழிகள் கண்டெடுக்கப்பட்டதாகப் பெர்லின் வானொலி அறிவித்தது. அதற்குச் சரியாக மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 1940 ஏப்ரல் 13 அன்று, அதே அதிகாரிகளின் மனைவி மக்கள் கிழக்குப் போலந்திலிருந்து கசகஸ்தானுக்கு நாடுகடத்தப்பட்டனர். கொலை தன் அரசின் செயல் என்று சோவியத்து ஒன்றியம் முதன்முறையாக ஒப்புக்கொண்டதும் 1990ஆம் ஆண்டு இதே நாளில்தான்.

கத்தீன் படுகொலையைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. ஆனால், கொல்லப்படுவதற்கு முந்தைய ஏறத்தாழ ஆறு மாதங்கள் அம்மனிதர்கள் முகாம்களில் எவ்வாறு வாழ்ந்தனர் என்பது குறைவாகவே பேசப்படுகிறது. அந்த வாழ்வில் மறைவான எதிர்ப்பு இருந்தது. அதை நாம் எவ்வழியாக அறிகிறோம், எப்படி வாசிக்க வேண்டும் என்ற கேள்விகளே இப்பதிவின் பொருள். ஆவணக் காப்பகங்களில் பணிபுரியும் நம் மாணவர்களுக்கு இவை தொலைநாட்டுக் கேள்விகள் அல்ல என்று நம்புகிறேன்.

1939 செப்டம்பர் 1 அன்று மேற்கிலிருந்து ஜெர்மனியும், 17 அன்று கிழக்கிலிருந்து சோவியத்து ஒன்றியமும் போலந்துக்குள் நுழைந்தன. ஒரே படையின் அதிகாரிகள் இரு வேறு வல்லரசுகளின் கைதிகள் ஆயினர். ஆகவே, ஒரே பயிற்சியும் ஒரே மரபும் கொண்ட மனிதர்கள் இரு வகையான சிறைகளில் என்ன செய்தனர் என்று ஒப்பிட்டுப் பார்க்கும் அரிய வாய்ப்பை இந்நிகழ்வு வரலாற்றாசிரியருக்குத் தருகிறது.

முதலில் ஜெர்மன் முகாம்களைக் காண்போம். போலந்து என்ற அரசே இனி இல்லை என்று ஜெர்மனி அறிவித்துவிட்டது. சாதாரணப் படைவீரர்களில் மிகப் பலர் போர்க்கைதி என்ற தகுதியை இழந்து கூலித் தொழிலாளர்களாக மாற்றப்பட்டனர். ஆனால் அதிகாரிகளைப் பொறுத்தவரை 1929ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை பெருமளவு கடைப்பிடிக்கப்பட்டது. வோல்டன்பெர்க் முகாமில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட போலந்து அதிகாரிகள் ஆண்டுக்கணக்கில் அடைபட்டிருந்தனர். அங்கே நாடக அரங்கும் இசைக்குழுவும் பல்கலைக்கழகத் தரத்திலான வகுப்புகளும் நடந்தன. 1944 ஜூலை 23 முதல் ஆகஸ்டு 13 வரை, லண்டனில் நடந்திருக்க வேண்டிய ஒலிம்பிக் போட்டிக்கு ஈடாகக் கைதிகள் தமக்குள் ஓர் ஒலிம்பிக் நடத்தினர். படுக்கை விரிப்பிலும் வண்ணக் கழுத்துத் துணிகளிலும் ஐந்து வளையக் கொடி உருவாயிற்று. ஈட்டி எறிதல், கோலூன்றித் தாண்டுதல் போன்றவை அனுமதிக்கப்படவில்லை. ஒன்று ஆயுதமாகலாம், மற்றொன்று வேலியைத் தாண்ட உதவலாம் என்ற அச்சம் காவலர்களுக்கு இருந்தது. போட்டிகள் நடந்துகொண்டிருந்தபோதே, ஆகஸ்டு 1 அன்று, வார்சாவில் மக்கள் எழுச்சி வெடித்தது.

வெளிப்படையான இந்த வாழ்வின் அடியில் மறைவான ஒன்றும் இயங்கியது. ஒளித்துவைத்த வானொலிப் பெட்டிகளில் செய்தி கேட்டனர், சுரங்கவழி தோண்டினர். டோசல் முகாமிலிருந்து 1943 செப்டம்பரில் 47 அதிகாரிகள் சுரங்கவழியே வெளியேறினர். அவர்களில் 37 பேர் பிடிபட்டுக் கொல்லப்பட்டனர். ஆறு மாதங்களுக்குப் பின்னர் வேறொரு முகாமிலிருந்து தப்பிய நேச நாட்டு விமானிகளில் 50 பேர் கொல்லப்பட்டதைத் திரைப்படத்தின் வழியே உலகம் அறியும். டோசலின் 37 பேரைப் போலந்துக்கு வெளியே அறிந்தோர் சிலரே.

எதிர்ப்புக்குச் சுரங்கம் தேவையில்லை என்பதற்கு ஒரு சான்று கடற்படைத் தளபதி யூசெஃப் உன்ருக். அவர் பிறந்தது ஜெர்மனியில். முதல் உலகப் போரில் பணியாற்றியது ஜெர்மானியக் கடற்படையில். 1919இல் போலந்துக் கடற்படையில் சேர்ந்தார். 1939இல் ஹெல் தீபகற்பத்தைக் காத்துநின்று, இறுதியில் சரணடைந்தார். அவரைத் தம் பக்கம் இழுக்க ஜெர்மானியர் பெரிதும் முயன்றனர். பழைய தோழர்களும் உறவினரும் வந்து பேசினர். 1939 செப்டம்பர் 1 அன்றே ஜெர்மன் மொழியை மறந்துவிட்டதாகக் கூறி, மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பேச மறுத்துவிட்டார் அவர். கோல்டிட்ஸ் கோட்டை முதலிய பல முகாம்களுக்கு மாற்றப்பட்ட பின்னும் அம்முடிவிலிருந்து அவர் மாறவில்லை.

ஜெர்மன் முகாம்களின் கைதிகளுள் பெரும்பாலோர் உயிர் பிழைத்தனர். நினைவுக்குறிப்புகள் எழுதினர், முகாமில் தாம் செய்த பொருள்களைப் பாதுகாத்தனர். வோல்டன்பெர்க் கைதிகளுக்கென இன்று அவ்வூரிலேயே ஓர் அருங்காட்சியகம் உண்டு. அதாவது, தம் எதிர்ப்பின் வரலாற்றை அவர்களால் தம் சொற்களிலேயே விட்டுச்செல்ல முடிந்தது.

சோவியத்து முகாம்களில் நிலைமை வேறு. சோவியத்து ஒன்றியம் 1929ஆம் ஆண்டு உடன்படிக்கையில் சேரவில்லை. போர்க்கைதிகள் படைத்துறையின் பொறுப்பில் இல்லாமல், என்.கே.வி.டி. எனப்பட்ட உள்துறை மக்கள் ஆணையத்தின் பொறுப்பில் வைக்கப்பட்டனர். அதிகாரிகள் கோசெல்ஸ்க், ஸ்டாரோபெல்ஸ்க் ஆகிய இடங்களிலும், காவல்துறையினரும் எல்லைக் காவலரும் ஓஸ்தாஷ்கோவிலும் அடைக்கப்பட்டனர். மூன்றுமே முன்னாள் துறவி மடங்கள். தஸ்தயேவ்ஸ்கியும் தல்ஸ்தோயும் சென்றுவந்த ஆப்டினா மடமே கோசெல்ஸ்க் முகாம் ஆயிற்று. அதிகாரிகளுள் மிகப் பலர் முழுநேரப் படையினர் அல்லர். போருக்காக அழைக்கப்பட்ட சேமப்படையினர். மருத்துவர், ஆசிரியர், பொறியாளர், வழக்கறிஞர், பேராசிரியர் எனப் படித்த வகுப்பினரின் ஒரு பெரும்பகுதி அங்கே பலகைப் படுக்கைகளில் நெருக்கியடித்துக் கிடந்தது.

அவர்கள் செய்தவற்றைப் பட்டியலிட்டால் மிகச் சிறியனவாகத் தோன்றும். விரிவுரைகள் நடத்தினர்; அயல்மொழிகளைக் கற்பித்தனர். ஸ்டாரோபெல்ஸ்கில் பணம் திரட்டி, கையில் காசில்லாத தோழர்களுக்கு உதவும் நிதி ஒன்றை ஏற்படுத்தினர். போலந்தின் விடுதலை நாளான நவம்பர் 11ஐத் தடையை மீறி நினைவுகூர்ந்தனர். கோசெல்ஸ்கில் கையெழுத்துச் செய்தித்தாள்கள் சுற்றில் இருந்தன. கூட்டு வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்ததால், இரவில் குறித்த நேரத்தில் ஒருவர் குரல் கொடுக்க, கொட்டகை முழுவதும் சில நிமிடங்கள் மௌனம் காத்தது. அந்த மௌனத்தில் பிரார்த்தனை செய்தவரும் இருந்தனர், வீட்டை நினைத்தவரும் இருந்தனர். மௌனத்தைத் தடைசெய்வது எளிதன்று. ஆனால் குருமார்களை அகற்றுவது எளிது. 1939 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், கத்தோலிக்கக் குருமாரும் பிற சமயத் தலைவர்களும் முகாம்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டனர்.

சட்டத்தின் மொழியிலும் ஓர் எதிர்ப்பு நடந்தது. ஸ்டாரோபெல்ஸ்கில் இருந்த மருத்துவர்களும் மருந்தாளுநர்களும், படை மருத்துவப் பணியாளர்களைச் சிறைப்படுத்தலாகாது என்ற ஜெனீவா விதியைச் சுட்டிக்காட்டி விண்ணப்பம் எழுதினர். குழப்பமடைந்த முகாம் தலைவர் பெரெஷ்கோவ், அந்த உடன்படிக்கையின் பிரதி ஒன்றை அனுப்புமாறு மாஸ்கோவைக் கேட்டார். போர்க்கைதிகள் துறையின் தலைவர் சோப்ருனென்கோ அளித்த விடையின் சாரம், ஜெனீவா உடன்படிக்கை உங்கள் பணிக்கு வழிகாட்டும் ஆவணம் அன்று, துறையின் கட்டளைகளைப் பின்பற்றுக என்பதே. 1940 ஜனவரியில் அம்முகாமின் கர்னல்கள் இன்னும் நேரான ஒரு கேள்வியை எழுப்பினர். நாங்கள் போர்க்கைதிகளா, கைது செய்யப்பட்டவர்களா? போர்க்கைதிகள் என்றால் அதற்குரிய உரிமைகள் எங்கே? கைது என்றால் குற்றச்சாட்டு என்ன? இக்கேள்விக்கு எழுத்தில் விடை வரவில்லை.

இவை எல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? உயிர் பிழைத்த சிலரின் நினைவுக்குறிப்புகள் ஒரு வழி. பெரும்பகுதியை நமக்குத் தருபவை முகாம் கமிசார்கள் மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கைகள். உதவி நிதி, மொழி வகுப்பு, விரிவுரை ஆகியவற்றை ஒரு கமிசார் ‘எதிர்ப்புரட்சிக் குழு’ என்று பதிவுசெய்தார்; அதன் முன்னணியினர் முகாமிலிருந்து கொண்டுசெல்லப்பட்டனர். அந்த அறிக்கை எழுதப்பட்டிராவிட்டால் நிதி திரட்டிய செய்தியே நமக்கு எட்டாமற் போயிருக்கக்கூடும்.

ரணஜித் குஹா 1983இல் ‘சபால்டர்ன் ஸ்டடீஸ்’ இரண்டாம் தொகுதியில் எழுதிய ‘எதிர்க்கிளர்ச்சியின் உரைநடை’ என்ற கட்டுரையை நம் மாணவர்கள் அறிவர். உழவர் கிளர்ச்சி பற்றிய காலனிய அறிக்கையில் அதிகாரியின் பார்வை சொல்லுக்குச் சொல் ஊடுருவியிருப்பதை அது காட்டிற்று. கோசெல்ஸ்க் கோப்புகளுக்கும் அதே எச்சரிக்கை தேவை. ஒரு வேறுபாடு உண்டு. குஹாவின் உழவர்கள் எழுத்தை விட்டுச்செல்லாதவர்கள். இங்கே பேசப்படுவோர் தம் நாட்டின் மிகக் கற்றவர்கள். ஆயினும் அவர்களுடைய எதிர்ப்பு, காவலரின் உரைநடையில்தான் பெரிதும் எஞ்சியது. எழுத்தறிவு மட்டும் ஒருவருக்கு ஆவணக் காப்பகத்தில் இடம் பெற்றுத் தருவதில்லை.

இந்த அறிக்கைகளை அப்படியே நம்பினால் இரு பிழைகள் நேரும். முதலாவது, சிதறிக் கிடந்த சிறு செயல்களை எல்லாம் ஒன்றுசேர்த்து, கட்டுக்கோப்பான இரகசிய இயக்கம் ஒன்று இருந்ததாகக் கற்பிப்பது. தான் விழிப்புடன் இருப்பதைக் காட்டவேண்டிய கமிசாருக்கு நான்கு நண்பர்களின் கூட்டமும் ‘அமைப்பு’ ஆகும். பின்வந்த தேசிய வரலாற்றாசிரியருக்கும் அதே சொல் இனிக்கும். அவர் பழிச்சொல்லைப் புகழ்ச்சொல்லாக மாற்றிக்கொள்வார், அவ்வளவே. முகாம்களில் பூசல்கள் இருந்தன, உளவு சொன்னவர்கள் இருந்தனர், சோவியத்துத் தரப்போடு ஒத்துழைக்க முன்வந்தோரும் இருந்தனர். அவற்றை விலக்கிய வரலாறு முழுமையானதன்று.

இரண்டாவது பிழை இன்னும் கொடியது. 1940 மார்ச்சில் பெரியா ஸ்டாலினுக்கு அனுப்பிய குறிப்பு, முகாம்களிலுள்ள அதிகாரிகளும் காவல்துறையினரும் எதிர்ப்புரட்சிப் பணியைத் தொடர முயல்கின்றனர், சோவியத்து எதிர்ப்புப் பரப்புரை செய்கின்றனர், விடுதலையானதும் போரிடவே காத்திருக்கின்றனர் என்று கூறி, அவர்களைச் சுட்டுக்கொல்லப் பரிந்துரைத்தது. ஸ்டாலின், வொரொஷிலோவ், மொலொத்தோவ், மிக்கோயன் ஆகியோர் அதில் ஒப்பமிட்டனர். மார்ச் 5 அன்று அது அரசியல் தலைமைக்குழுவின் முடிவாயிற்று. இதை வாசிப்போருக்கு ஓர் ஐயம் எழுவது இயல்பு. நவம்பர் 11ஐக் கொண்டாடாமல், விரிவுரை நடத்தாமல், விண்ணப்பம் எழுதாமல் அடங்கியிருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்களோ?

எண்களே இதற்கு விடை தருகின்றன. 1959இல் கே.ஜி.பி. தலைவர் ஷெலெப்பின் குருஷ்சேவுக்கு எழுதிய குறிப்பின்படி கொல்லப்பட்டோர் 21,857 பேர். கோசெல்ஸ்கிலிருந்து 4,421, ஸ்டாரோபெல்ஸ்கிலிருந்து 3,820, ஓஸ்தாஷ்கோவிலிருந்து 6,311. எஞ்சிய 7,305 பேர் இந்த மூன்று முகாம்களில் அடைக்கப்பட்டவர்களே அல்லர். மேற்கு உக்ரைன், மேற்கு பெலருஸ் சிறைகளில் இருந்தவர்கள். கோசெல்ஸ்கின் மௌனத்திலோ ஸ்டாரோபெல்ஸ்கின் உதவி நிதியிலோ அவர்களுக்குப் பங்கில்லை. மிகுதியானோரை இழந்த முகாமோ காவல்துறையினரின் ஓஸ்தாஷ்கோவ். பதவியும் வகுப்புமே கொல்லப்படுவோரின் பட்டியலைப் பெரும்பாலும் தீர்மானித்தன. முகாமில் அவர்கள் நடந்துகொண்ட விதம் முடிவுக்குச் சொல்லப்பட்ட நியாயமாயிற்று. நியாயத்தைக் காரணம் என்று கொள்வது, பெரியாவின் வாதத்தை நாம் ஏற்றுக்கொள்வதாகும்.

1940 ஏப்ரல் தொடக்கத்தில் முகாம்கள் காலியாகத் தொடங்கின. மாஸ்கோவிலிருந்து வந்த பட்டியல்களின்படி நாள்தோறும் பெயர்கள் வாசிக்கப்பட்டன. வீட்டுக்கோ நடுநிலை நாட்டுக்கோ போகிறோம் என்று பலர் நம்பினர். ஐயுற்ற சிலர், தாம் ஏறிய தொடர்வண்டிப் பெட்டியின் சுவரில், ஸ்மோலென்ஸ்க்கு அப்பால் எங்கே இறக்கப்படுகிறோம் என்பதைக் கிறுக்கிவைத்தனர். அதே பெட்டிகளில் பின்னர் ஏற்றப்பட்டோர் அவற்றை வாசித்தனர். பின்வருவோருக்குத் தகவல் சேரவேண்டும் என்ற அக்கறையை எந்தத் தேடுதலாலும் பறிமுதல் செய்ய முடியவில்லை.

வில்னோ பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் ஸ்டனிஸ்வாஃப் ஸ்வியானியெவிச் அத்தகைய ஒரு வண்டியில் வந்தவர். ஏப்ரல் 30 அன்று க்னியோஸ்தோவோ நிலையத்தில் அவர் மட்டும் தனியே பிரிக்கப்பட்டு ஒரு பெட்டியில் பூட்டப்பட்டார். மேல்தட்டில் ஏறி, கூரையருகே இருந்த துளை வழியே பார்த்தார். சன்னல்கள் பூசி மறைக்கப்பட்ட பேருந்து ஒன்று தோழர்களை ஏற்றிச்சென்று, ஏறத்தாழ அரைமணி நேரத்தில் வெறுமையாகத் திரும்பிவந்து, அடுத்த குழுவை ஏற்றிச்சென்றது. அப்போது அதன் பொருள் அவருக்கு விளங்கவில்லை.

அந்தப் பேருந்தின் மறுமுனையிலிருந்தும் ஒரு சாட்சியம் உண்டு. மேஜர் ஆடம் சோல்ஸ்கியின் நாட்குறிப்பு கத்தீன் குழியில் அவர் உடலோடு கிடைத்தது. ஏப்ரல் 9 அன்று, ஒரு காட்டுக்குக் கொண்டுவரப்பட்டதையும், முழுமையாகச் சோதனையிடப்பட்டதையும், கைக்கடிகாரத்தை எடுத்துக்கொண்டதையும், திருமண மோதிரம் பற்றிக் கேட்டதையும், ரூபிளும் இடைவாரும் பேனாக்கத்தியும் பறிக்கப்பட்டதையும் குறித்துள்ளார். அத்துடன் குறிப்பு நிற்கிறது. சோதனையிடும் வேளையிலும் அவர் நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தார். காவலரின் உரைநடைக்கு வெளியே அக்கைதிகள் தம் கையால் விட்டுச்சென்ற மிகச் சில பக்கங்களுள் இவை அடங்கும். ஷெலெப்பின் 1959இல் தம் குறிப்பை எழுதியதன் நோக்கமோ, கொல்லப்பட்டோரின் தனிக்கோப்புகளை அழித்துவிடலாம் என்று பரிந்துரைப்பது. கோப்பு அழியலாம் என்று கருதப்பட்ட நிலையில், குழிக்குள் போன நாட்குறிப்பு மீண்டுவந்தது.

மூன்று முகாம்களிலிருந்தும் உயிர் பிழைத்தோர் 395 பேர். பிழைத்ததற்குப் பல காரணங்கள்: சிலர்பால் உளவுத்துறைக்கு ஆர்வம் இருந்தது, சிலருக்காக அயல்நாட்டுத் தூதரகங்கள் கேட்டன. அவர்கள் கிரியாசோவெத்ஸ் முகாமில் சேர்க்கப்பட்டனர். ஸ்டாரோபெல்ஸ்கிலிருந்து பிழைத்த ஓவியர் யூசெஃப் சாப்ஸ்கி, கையில் ஒரு நூலும் இல்லாமல், நினைவிலிருந்தே அங்கே மார்செல் புரூஸ்த் பற்றித் தோழர்களுக்கு விரிவுரை ஆற்றினார். ஸ்டாரோபெல்ஸ்கில் குற்றமாக இருந்த விரிவுரை, இங்கே தணிக்கைக்குட்பட்டு அனுமதிக்கப்பட்டது. 1941இல் விடுதலையான பின், காணாமற்போன தோழர்களைத் தேடும் பொறுப்பு அவருக்கே அளிக்கப்பட்டது. எங்கும் விடை கிடைக்கவில்லை. அவர்கள் மஞ்சூரியாவுக்குத் தப்பியிருக்கலாம் என்று ஸ்டாலின் போலந்துப் பிரதமர் சிகோர்ஸ்கியிடம் கூறினார்.

இவ்வரலாற்றின் ஒரு நுனி இந்தியாவிலும் இருக்கிறது. முகாம் கைதிகளிடம் குடும்ப விவரங்கள் திரட்டப்பட்டிருந்தன. 1940 மார்ச்சில் அவை குடும்பங்களை நாடுகடத்தும் பட்டியல்களாயின. ஏப்ரல் 13 அன்று தொடங்கிய நடவடிக்கையில் ஏறத்தாழ 61,000 பேர் கசகஸ்தானுக்கு அனுப்பப்பட்டனர். 1942இல் சோவியத்து நாட்டைவிட்டு ஈரானுக்கு வெளியேற முடிந்த போலந்து மக்களில் ஒரு பகுதியினர் இந்தியாவுக்கு வந்தனர். ஜாம்நகரை அடுத்த பாலாசடியில் குழந்தைகளும், கோலாப்பூரை அடுத்த வளிவடேயில் ஏறத்தாழ 5,000 பேரும் அடைக்கலம் பெற்றனர். வளிவடேயில் போலந்துச் சிறுவர்க்குச் சாரணர் பயிற்சி அளிக்க வந்த இளம் அதிகாரி ஸ்ட்ஜிஸ்வாஃப் பெஷ்கோவ்ஸ்கி, கோசெல்ஸ்கிலிருந்து உயிருடன் மீண்ட சிலருள் ஒருவர். கொட்டகையின் அந்த மௌனத்தை அறிந்தவர். பின்னாளில் குருவாகி, 1990களில் புதைகுழிகள் அகழப்பட்டபோது உடனிருந்தார். கத்தீன் குடும்பங்களின் ஆன்மிக வழிகாட்டியாக 2007இல் மறைந்தார்.

சுரங்கம், தப்பித்தல், ஆயுதம் என்ற அளவுகோலை வைத்துப் பார்த்தால் கோசெல்ஸ்கில் எதிர்ப்பு மிகக் குறைவு. தம்மைக் கோப்பில் எழுதியவர்கள் வைத்த பெயரை ஏற்காமல், ஒருவர்க்கொருவர் ஆசிரியராகவும் மாணவராகவும் கடன் கொடுத்தவராகவும் தொடர்ந்து இருந்தனர் என்பதைக் கணக்கில் கொண்டால் அது குறைவன்று. அவர்கள் சாவதற்கு அது காரணமுமன்று. காவலரின் அறிக்கையை வாசிக்கும் ஆய்வாளர் இவ்விரண்டையும் ஒருங்கே நினைவில் வைத்திருக்க வேண்டும். நம் காப்பகங்களில் உறங்கும் சிறைக் கோப்புகளுக்கும் இது பொருந்தும்.